கட்டைவிரல் போகாத வாய்

ராஜ்கோட்டில் எங்கள் ஆசுபத்திரி வாசலுக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால், ஒற்றை நாற்காலி போட்ட சவரக்கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் பெயர் வஷ்ராம். வயது ஐம்பத்தெட்டு. நல்ல மனுஷன். என்னிடம் கேட்டால், வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காத மனுஷன் என்றும் சேர்த்துச் சொல்வேன். நான் வாய்ப் புற்றுநோய் வார்டில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ். ஹன்ஸா சிஸ்டர் என்பார்கள். கோபக்காரி என்பார்கள். இரண்டும் சரி.

அறுவைக்கு முந்தின நாள் நோயாளியின் தாடியை மழித்தாக வேண்டும். அதற்கு வஷ்ராம்பாயைக் கூப்பிடுவோம்; 'பாய்' என்றால் எங்கள் பக்கம் அண்ணன். தோல்பையில் கத்தி, படிகாரம், சோப்புக் கிண்ணம் சகிதம் வந்து, படுக்கையிலேயே உட்காரவைத்து மழித்துவிட்டுப் போவார். அவர் அப்பா கோண்டலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் நாவிதர். ஊரில் நாலைந்து குடும்பங்கள் அவர்களுக்குப் பரம்பரை வீடுகள். அந்த வீட்டுக் கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் இவர்கள் கத்திதான். வஷ்ராம்பாய் இருபது வயதில் ராஜ்கோட் வந்து கடை போட்டார். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். புகையிலை தொட்டதில்லை; அடுத்தவன் முகத்தைத் தொடுகிற கை நாறக்கூடாதாம்.

அவரிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. வயதானவர்களுக்குப் பல் விழுந்து, கன்னம் குழிந்து, கத்தி ஓடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கட்டைவிரலை அவர்கள் வாய்க்குள் விட்டு, கன்னத்தை உள்ளேயிருந்து வெளியே தள்ளிப் பிடித்து மழிப்பார். முப்பது வருஷமாக அந்த விரல் எத்தனையோ கன்னங்களுக்குள் போய் வந்திருக்கிறது. எங்கே வழவழப்பு, எங்கே தோல்பட்டை மாதிரி இறுக்கம், எங்கே மணல் பரு மாதிரி நெருடல் என்று அதற்குத் தெரியும். நெருடினால் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்.

"பெரியவரே, எதுத்தாப்ல ஒரு நடை போயிட்டு வந்துடு."

"பாதி மூஞ்சியோடவா?"

"பாதி மூஞ்சி பாக்கியிருக்கறப்பவே போயிட்டு வந்துடு."

அப்படி ஆறு வருஷத்தில் பதினோரு கிழவர்களை அனுப்பினார். ஒரு பக்கம் நுரையோடு அவர்கள் வந்து நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும், இது வஷ்ராம்பாய் பார்ட்டி என்று. அவர்களில் ஒன்பது பேர் இன்றைக்கும் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஃபோரம் வசாவடா ஓர் ஆராய்ச்சி தொடங்கினாள். முப்பத்து நாலு வயதுப் பெண், நல்ல கைராசி. நாற்பதுக்குக் கீழே உள்ள நோயாளிகளின் கோப்புகள் ஓர் அடுக்கு, மேலே உள்ளவர்களுடையது இன்னோர் அடுக்கு. இரண்டையும் என் அலமாரியில்தான் வைத்தாள். முதல் வருஷம் சின்ன வயசுக்காரர்களின் அடுக்கு மெலிந்து கிடந்தது. மூன்றாம் வருஷம் இரண்டும் ஒரே உயரம்.

"நோய் ஒண்ணுதானே சிஸ்டர்? சின்ன வயசுக்காரங்க மட்டும் ஏன் முத்திப்போய் வர்றாங்க?" என்று கேட்டாள்.

"இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி? எங்க வார்டுல ஒரு நாள் வாசல்ல உக்காரு, தெரியும்" என்றேன்.

பெரியவர் வந்தால் பட்டாளமே கூட வரும். மகன், மருமகள், பேரன், சாப்பாட்டுத் தூக்கு. "அப்பாவுக்கு ஒரு மாசமா காரம் ஆகலை, தயிர் சோறுதான் கொடுக்கறோம்" என்று மருமகள் தேதியோடு சொல்வாள். இளைஞன் வந்தால் ஒரு மோட்டார் சைக்கிள் வரும், ஓட்டிக்கொண்டு ஒரு சிநேகிதன் வருவான், அவன் வாயிலும் மாவா இருக்கும். சீவின பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை மூன்றையும் பிளாஸ்டிக் தாளில் போட்டு உள்ளங்கையில் தேய்த்தெடுத்த உருண்டை அது. எங்கள் சௌராஷ்டிரத்தில் அது இல்லாத சட்டைப்பை குறைவு.

அப்பாவும் போடுவார், பிள்ளையும் போடுவான். ஆனால் அப்பா முன்னால் பிள்ளை போட மாட்டான். அப்பா வருகிற சத்தம் கேட்டால் வாயை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வான். அப்பாவுக்கும் தெரியும், தெரியாத மாதிரி போவார். இதற்கு மரியாதை என்று பேர் வைத்திருக்கிறோம். புண் வந்தாலும் அதே மரியாதைதான். வாய் குறுகி, பேச்சு குழறி, ஞாயிற்றுக்கிழமை கடலைமாவுக் காட்டியாவோடு வைக்கிற வறுத்த மிளகாயை நகர்த்திவைக்கிற நிலைமை வந்தாலும், பெரியவர்கள் முன்னால் வாயைக் காட்ட மாட்டான். கேட்டால் ஞானப்பல் முளைக்கிறது என்பான்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது வஷ்ராம்பாயும் இருந்தார். டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"கெழவன் வாய்க்குள்ள என் கட்டைவிரல் போவுது டாக்டரம்மா. இளந்தாரிக்குக் கன்னம் கொழுகொழுன்னு இருக்கு, கத்தி வழுக்கிக்கிட்டுப் போவுது. அவன் வாய்க்குள்ள யார் விரல் போவும்? விட்டா கடிச்சுப்புடுவான்."

ஃபோரம் சிரித்துக்கொண்டே அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதமே அறுவைக்கு முன் மழிக்க ஒரு படுக்கைக்கு அவரைக் கூப்பிட்டேன். போனவர் சோப்புக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். படுக்கையில் இருந்தவன் பார்கவ், பேரிங் பட்டறையில் வேலை, இருபத்தெட்டு வயது. இரண்டு வருஷமாக சனிக்கிழமை தவறாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன்.

"அரை விரக்கடை சிஸ்டர்," என்றார் வெளியே வந்து. "என் கத்திக்கும் அந்தப் புண்ணுக்கும் நடுவுல அரை விரக்கடை சதைதான். ரெண்டு வருஷமா அது மேலயே போயிட்டுப் போயிட்டு வந்திருக்கேன்." அழுதார். பார்கவ் ஏழு மாதம் இருந்தான்.

அதற்கப்புறம் மனுஷன் சும்மா இருக்கவில்லை. கடைக்கு வருகிற இளைஞர்களிடம், "மூணு விரலை நிறுத்தி வாய்க்குள்ள விட்டுக் காட்டு. போவலேன்னா எந்திரி, எதுத்தாப்ல போயிட்டு வா" என்று ஆரம்பித்துவிட்டார். யார் பொறுப்பான்? "முடி வெட்ட வந்தா, சந்தையில மாடு வாங்கறவன் மாதிரி பல்லப் புடிச்சுப் பாக்கறியே" என்று ஒருத்தன் சத்தம் போட்டான். ஒவ்வொருத்தனாக நாலு கடை தள்ளி ஏசி போட்ட சலூனுக்குப் போய்விட்டார்கள். அவர் மனைவி ஜஸூபென் என்னிடம் வந்து, "இவருக்கு யாரு டாக்டர் பட்டம் கொடுத்தது? நீங்கதானே?" என்று என்னைப் பிடித்தாள். வஷ்ராம்பாய் அசையவில்லை.

இவ்வளவு பிடிவாதமான மனுஷன் ஓர் இடத்தில் மட்டும் சறுக்கினார்.

மாசி மாதம் கிராமத்தில் பரம்பரை வீட்டுக் கல்யாணம். லவ்ஜி பட்டேலின் ஒரே மகன் கேவல், இருபத்தைந்து வயது, கடலை எண்ணெய் ஆலையில் கணக்கு பார்க்கிறவன். பெண் ஜேத்பூர், பெயர் த்ருவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணத்தன்று விடிகாலை மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வது வஷ்ராம்பாயின் உரிமை. இவர் கையால்தான் ஆறு மாதக் குழந்தையில் அவனுக்கு முதல் மொட்டை; இவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான்.

உள்கட்டில் மணை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். முற்றத்தில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் மஞ்சள். இந்தக் காலத்துப் பையன், தாடியை ஒழுங்கு பண்ணி வளர்த்திருந்தான். ஓரங்களை மட்டும் கத்தி தொட்டால் போதும் என்றான். இடது தாடைக்குக் கீழே விரல் வைத்த வஷ்ராம்பாய்க்கு இலந்தைக்கொட்டை அளவில் ஒன்று தட்டுப்பட்டது.

"கேவல், வாயத் திற."

"எதுக்கு சித்தப்பா?"

"திறடா."

ஒன்றரை விரல் அளவு திறந்தது. செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். இடது கன்னத்தின் உட்புறம், கடைசிப் பல்லுக்குப் பக்கத்தில், கரை தடித்த புண்.

"எத்தன நாளா?"

"தீபாவளியிலேருந்து. ஞானப்பல்லு சித்தப்பா, அது இடிக்குது."

"ஞானப்பல்லு கழுத்துலயாடா முளைக்கும்?"

கேவலுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"தெரியும் சித்தப்பா. போன்ல படிச்சுப் பாத்தேன். இன்னிக்கு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. எண்ணூறு பேர் சாப்பிட வர்றாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா இங்கயே விழுந்துடுவாரு. நாலாம் நாள் நானே உங்க கடைக்கு வந்துடறேன். உங்க கால்ல விழறேன்."

விழுந்தே விட்டான். கல்யாண நாளில் மாப்பிள்ளை எங்கள் பக்கம் ராஜா. அப்பனே அவனை வணங்கி அழைத்துப்போவான். அந்த ராஜா, கன்னத்து நுரையும் மஞ்சளுமாக நாவிதர் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். வஷ்ராம்பாய் பதறிப்போய்த் தூக்கி உட்காரவைத்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு லவ்ஜி பட்டேல் வந்தார். வாய் நிறைய மாவா.

"என்ன வஷ்ராம், சவரம் பண்றியா, புராணம் படிக்கிறியா? வண்டியெல்லாம் கெளம்பி நிக்குது!"

கேவல் வாயை இறுக்கி மூடிச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். வஷ்ராம்பாய் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாராம். அந்த நிமிஷத்தை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். கடையில் அவர் அதட்டுவார், எழுப்பிவிடுவார். இங்கே அவர் அவர்கள் வீட்டு வஷ்ராம். மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டு மங்கலத்துக்குக் காவல் நிற்கிற ஆள். கல்யாண வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆச்சு பட்டேலய்யா. ரெண்டே நிமிஷம்" என்றார்.

ஜேத்பூருக்கு மாப்பிள்ளை காரில் முன்சீட்டில் இவரும் போனார். ஒரு மணி நேரப் பயணம். வழி முழுக்கப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வழக்கப்படி மாமியார் வாசலில் மாப்பிள்ளையின் மூக்கைப் பிடித்திழுத்தாள், எல்லாரும் சிரித்தார்கள். அக்னியை நாலு முறை சுற்றினார்கள். அதற்குப் பிறகு கன்சார் ஊட்டுவது. நெய்யும் சர்க்கரையும் போட்ட கோதுமை இனிப்பு அது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் நாலு வாய் ஊட்ட வேண்டும்.

த்ருவி ஒரு கவளம் எடுத்தாள். அவன் வாயில் போகவில்லை. அதைப் பாதியாக்கினாள். அதுவும் போகவில்லை. தோழிகள் கூவினார்கள்: "மாப்பிள்ளைக்கு வெக்கத்தப் பாருடி! பொண்டாட்டி முன்னால வாயே திறக்க மாட்டாராம், அதிர்ஷ்டக்காரிடி நீ!" பந்தலே சிரித்தது. த்ருவி சிரிக்கவில்லை. விரல் நுனியில் ஒரு பருக்கை அளவு எடுத்து அவன் உதட்டுக்கிடையில் வைத்துவிட்டு, நிமிர்ந்து அவன் தாடையைப் பார்த்தாள். அப்புறம் பந்தல் காலை ஒட்டி உட்கார்ந்திருந்த வஷ்ராம்பாய் மேல் அவள் கண் போனது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நாலாம் நாள் கேவல் வரவில்லை. அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையில் வைத்திருந்த தட்டைப் போட்டு உடைக்காதது பெரிய விஷயம்.

"ஏன்யா, கடைக்கு வர்றவன் போறவனையெல்லாம் வாயத் திறக்கச் சொன்னியே, உன் வாயி எங்கய்யா போச்சு?"

"கல்யாண வீடு சிஸ்டர்."

"கல்யாண வீட்டுக்குள்ள நோய் வராதுன்னு பலகை மாட்டியிருக்கா? பார்கவ் செத்தது மறந்துபோச்சா?"

"மறக்கலை. அதான் நாலு நாள்னு கெடு கொடுத்தேன்."

"கெடு கொடுக்க நீ யாரு, எமனா?"

கேவலின் செல்போன் அணைந்து கிடந்தது. துவாரகை தரிசனம், அங்கிருந்து தியூ தீவு என்று புதுத் தம்பதி கிளம்பிப் போயிருந்தார்கள். ஆறாம் நாள் வஷ்ராம்பாய் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிக் கிராமத்துக்குப் போனார். லவ்ஜி பட்டேல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையில் மாவா தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை வஷ்ராம்பாய் எல்லாவற்றையும் சொன்னார்.

பட்டேல் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நாப்பது வருஷமா போடறேன் வஷ்ராம். என் வாயைப் பாரு. எனக்கு என்ன ஆச்சு?"

"உங்களுக்கு ஆகலை பட்டேலய்யா. பையனுக்கு..."

"வந்தா எனக்குல்ல மொதல்ல வரணும்? அப்பன் நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு வந்துடுமா? சூடுய்யா, கல்யாண அலைச்சல். மருமக காலடி வச்சு ஒரு வாரம் ஆகலை, வாசல்ல உக்காந்து அபசகுனமா பேசாத. ஹோலி கழியட்டும், பாக்கலாம்."

இதை நான் வார்டில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். பந்தியில் உட்காருகிற மாதிரி நோயும் பெரியவர்களுக்கு முதலில், சின்னவர்களுக்கு அப்புறம் என்று வரிசை பார்த்து வரும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. அப்பன் நன்றாக இருந்தால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். வஷ்ராம்பாய் வாசற்படியிலேயே மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

கேவலை ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்தது த்ருவிதான். தியூவில் கடற்கரையில் மூன்றாம் நாள் அவனை நேராகக் கேட்டிருக்கிறாள். அவனும் சொல்லிவிட்டான். ஆனால் நாளைக்கு, நாளன்றைக்கு, விருந்து முடியட்டும் என்று அவளையும் தள்ளிக்கொண்டே வந்தான். பத்தொன்பதாம் நாள் அவள் மாமனார் முன்னால் போய் நின்றாள். மாமனார் முன்னால் மருமகள் முக்காடு போட்டுக்கொண்டு, பேசாமல் இருப்பதுதான் முறை. முக்காடு போட்டுக்கொண்டேதான் பேசினாள்.

"மாமா, நாளைக்குக் காலைல இவரை ராஜ்கோட் கூட்டிட்டுப் போறேன். நீங்க வந்தா கார்ல எடம் இருக்கு. வரலேன்னாலும் போவோம்."

மூவரும் வந்தார்கள். ஃபோரம் பார்த்தாள், சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள், நோய்தான் என்று வந்தது, அறுவைக்குத் தேதி கொடுத்தாள். நாற்பதுக்குக் கீழ் அடுக்கில் அவனுடையது எழுபத்து நாலாவது கோப்பு.

லவ்ஜி பட்டேல் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, கை பழக்கத்தில் மாவா பொட்டலத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவர் கோபப்படவில்லை. எழுந்து ஃபோரத்தின் அறைக்குள் போய், "என் வாயப் பாரு தாயே" என்றார். அவள் விளக்கை இழுத்து மூலை மூலையாகப் பார்த்தாள்.

"கறை இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாரும்மா. நாப்பது வருஷம்."

"பாத்துட்டேன் ஐயா. ஒண்ணும் இல்ல."

அந்த நாற்காலியிலேயே அவர் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தன் வாயில் ஏதாவது இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அறுவைக்கு முந்தின நாள் மழிக்க வஷ்ராம்பாய் வந்தார். கேவலின் தாடி முழுவதையும் எடுத்தார். வேலை முடிந்து வெளியே வந்தபோது நடைபாதையில் த்ருவி நின்றிருந்தாள். நான் மருந்துத் தட்டோடு பக்கத்தில் இருந்தேன்.

"அன்னிக்குக் காலைலயும் நீங்கதானே சவரம் பண்ணீங்க?"

"ஆமாம்மா."

"அப்பவே தெரியும் உங்களுக்கு."

"தெரியும்மா."

"எனக்குக் கன்சார் ஊட்டறப்பத்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள நாலு சுத்தும் சுத்தியாச்சு."

"தப்புதாம்மா. அவன் உசிரு ஒண்ணுதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. நாலு நாள்ல எப்படியாவது கொண்டாந்து சேத்துடலாம்னு..."

"அவர் உசிரப் பாத்தீங்க. சரி. அவங்க அப்பா மானத்தப் பாத்தீங்க. சரி. நான் ஒருத்தி அங்க இருந்தேனே?" குரலை உயர்த்தவில்லை அவள். வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். "எனக்குச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன், எனக்கே தெரியாது. கட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பேனோ என்னவோ. ஆனா கட்டிக்கறேனா இல்லையான்னு சொல்ல வேண்டியது நானு. என்னைக் கேக்காம நீங்க ரெண்டு பேரும் எனக்காகச் சொல்லிட்டீங்க."

வஷ்ராம்பாய் தோல்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நாலாம் நாள் அந்த மனுஷனை அத்தனை வசவு வைதேனே, அதில் ஒரு வார்த்தையாவது இந்தப் பெண்ணுக்காக வைதேனா? இல்லை. அவள் பெயரைக்கூட நான் அதுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

அறுவை எட்டு மணி நேரம். இடது கன்னத்தின் உட்புறத்தையும் கீழ்த்தாடை எலும்பில் ஒரு விளிம்பையும் எடுத்துவிட்டு, அந்தக் குழிக்கு மார்பிலிருந்து சதையைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துத் தைத்தார்கள். கழுத்தில் இருந்தது சோதனையில் வெறும் நெறிகட்டு என்று வந்தது. கதிர்வீச்சு கொடுக்கத் தேவைப்படவில்லை. இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் தாடையே மிஞ்சியிருக்காது என்றாள் ஃபோரம். அவளுடைய ஆராய்ச்சியும் அந்த வருஷம் முடிந்தது. எங்கள் வார்டுக் கோப்புகளைப் பொறுத்தவரை, ஒரே நிலையில் வந்து சேர்ந்த இளைஞனும் கிழவரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பிழைத்திருந்தார்கள். "நோய்க்கு வயசு தெரியலை சிஸ்டர், வீட்டுக்குத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு இரண்டு அடுக்கையும் சேர்த்துக் கட்டினாள்.

மார்புச் சதையை வாய்க்குள் வைத்தால் ஒரு தொல்லை உண்டு. மார்பில் முடி இருக்கிறவனுக்கு வாய்க்குள் முடி வளரும். சோறு சிக்கும், நாறும், நாக்கில் உறுத்தும். சின்ன வயசுக்காரர்களுக்கு வேகமாக வளரும். அதை வெட்டிவிடுவதும் வஷ்ராம்பாய்தான். மாதம் ஒருமுறை என் அறை விளக்கடியில், வளைந்த சின்னக் கத்தரியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவார். ஒருமுறைகூட யார் வாயிலும் கீறல் பட்டதில்லை.

கேவலுக்கும் நாலு மாதம் வெட்டினார். மற்றவர்களைவிட இரண்டு பங்கு நேரம் எடுத்துக்கொள்வார். அவன் வரும் நாளுக்குக் காலையிலேயே வந்து கத்தரியைக் கொதிக்க வைத்துவிட்டுக் காத்திருப்பார். அதில்தான் அவருக்கு ஏதோ நிம்மதி இருந்தது. த்ருவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐந்தாம் மாதம் அவள் விளக்கடிக்கு வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க."

"என்னதும்மா?"

"கத்தரி."

"வேணாம்மா. உள்ளுக்குள்ள வழுக்கும். கை பழகணும்."

"பழகிக்கறேன்."

"நான் இருக்கறப்ப உனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? இந்தக் கை ஆடற வரைக்கும், சாகற வரைக்கும் நானே செஞ்சு தர்றேன். அதையாவது எனக்கு விட்டுடு."

"நீங்க நல்லாத்தான் செய்யறீங்க," என்றாள் த்ருவி. "அதுக்கில்ல. இந்த வாய்க்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு முன்னால இன்னொருத்தருக்குத் தெரியறது இனிமே வேண்டாம்."

வஷ்ராம்பாய் என்னைப் பார்த்தார். நான் அவருக்காகப் பேசவில்லை. கத்தரியைத் துணியில் துடைத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார். கேவல் வாயைத் திறந்தான். நான் விளக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.